உடன் ஆடுதலும் உடன்படுதலும்: தமிழ் நடனப் பாடல் காணொளிகளில் காதலும் உறவும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரைப்பாடல் ஆய்வுகள் பெரும்பாலும் பாடல் வரிகளையே மூலமாகக் கொள்கின்றன. நடனப் பாடல் காணொளியிலோ காதல் சொல்லால் மட்டும் உணர்த்தப்படுவதில்லை. யார் முதலில் ஆடுகிறார், யார் பின்பற்றுகிறார், விலகியவர் மீண்டும் எவ்வாறு இணைகிறார் என்னும் ஆட்ட ஒழுங்கும் உறவைக் கட்டமைக்கிறது. இருவர் ஒரே அசைவை ஒருசேர ஆடுவது இக்காணொளிகளில் இசைவின் குறியாக நிற்கிறது. இக்குறி 1990கள் முதல் இன்றுவரை அடைந்த மாற்றங்களைத் தேர்ந்த சில பாடல்கள் வழி இக்கட்டுரை விளக்குகிறது. பெண்ணின் மறுப்புக்கு இக்காணொளிகள் எத்தகைய இடம் தருகின்றன என்பதையும் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: நடனப் பாடல், காணொளி, உடன் ஆடுதல், இசைவு, மறுப்பு, ஊடல், துணங்கை, தனியிசை.

முன்னுரை

காதலைச் சொல்லும் கலை வடிவங்களுள் இன்று இளையோரிடம் மிகுதியாகச் சென்று சேர்வது நடனப் பாடல் காணொளியாகும். திரையரங்கில் ஒருமுறை கண்டு மறந்த பாடல்காட்சி இன்று கைப்பேசியில் பலமுறை காணப்படுகிறது. காண்போரால் ஆடிப் பார்க்கப்படுகிறது. கல்லூரி விழாக்களிலும் திருமண வரவேற்பு மேடைகளிலும் மீண்டும் நிகழ்த்தப்படுகிறது. எனவே காதலர் எவ்வாறு அணுகுவர், எவ்வாறு இணைவர், எவ்வாறு பிரிவர் என்பதற்கான உடல்வழி மாதிரிகளை இக்காணொளிகள் வழங்குகின்றன எனலாம்.

இம்மாதிரிகளைப் பாடல் வரிகளிலிருந்து மட்டும் அறிந்துகொள்ள இயலாது. வரியில் ஒருவன் காதலியிடம் கெஞ்சுவான். காட்சியிலோ அவனும் அவன் நண்பர் இருபதின்மரும் அவளைச் சூழ்ந்து நிற்பர். சொல் வேண்டுகோளாகவும் ஆட்டம் முற்றுகையாகவும் அமையும் இடங்களில் எது பாடலின் பொருள் என்னும் வினா எழுகிறது. வரியை மட்டும் நோக்கும் ஆய்வு வேண்டுகோளைக் காணும், முற்றுகையைத் தவறவிடும். இவ்விடைவெளியே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும்.

1. ஆட்டம் உறவின் சான்றாதல்

உடன் ஆடுவதை உறவின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் தமிழில் தொன்மையானது. சங்க இலக்கியம் குறிப்பிடும் துணங்கையும் குரவையும் கை கோத்து ஆடப்பெற்றவை. மருதத்திணைப் பாடல்களில் தலைவன் பரத்தையரோடு துணங்கை ஆடினான் என்னும் செய்தியே தலைவியின் ஊடலுக்குப் போதிய காரணமாகிறது. அவன் அவர்களிடம் என்ன பேசினான் என்பது வினவப்படுவதில்லை. ஆடினான் என்பதே சான்றாகிறது. குறுந்தொகையில் ஆதிமந்தியார் பெயரால் வழங்கும் பாடலிலும் மள்ளர் விழவும் மகளிர் துணங்கையுமே காதலனைத் தேடும் களங்களாகின்றன.

இவற்றுள் பதிற்றுப்பத்தின் 52ஆம் பாடல் தனித்த கவனத்துக்குரியது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடிய அப்பாடலில், அரசன் மகளிரின் துணங்கையில் கலந்து தலைக்கை தந்து ஆடுகிறான். அதனைக் கண்ட அரசி சினந்து, தன் கையிலிருந்த சிறுசெங்குவளை மலரை அவன்மீது எறிய ஓங்குகிறாள். அவன் அம்மலரைத் தருமாறு இரக்கிறான். அவள் தரவில்லை, தனக்கு அவன் என்ன உறவு என்னும் பொருள்பட வினவிவிட்டு நீங்குகிறாள். பகைவரின் மதிலைக் கைப்பற்ற வல்லவன் அவள் கையிலிருந்த பூவைக் கைப்பற்ற மாட்டாதவனாய் நின்றான் என்று புலவர் அரசனைப் புகழ்கிறார்.

இப்பாடலில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. ஆட்டம் உறவின் சான்றாகிறது. அச்சான்று ஊடலைத் தோற்றுவிக்கிறது. பெண்ணின் மறுப்பு பாடல் முடியும்வரை மறுப்பாகவே நிற்கிறது. இக்கால நடனப் பாடல் காணொளிகள் முதற்கூறை முழுமையாகப் பேணுகின்றன. ஏனைய இரண்டையும் எவ்வாறு கையாள்கின்றன என்பதே ஆராயத்தக்கது.

2. சூழ்ந்தாடும் குழு: 1990களின் அமைப்பு

1990களில் தமிழ்த் திரைநடனம் பெரும் மாற்றம் கண்டது. ஏ.ஆர். ரகுமானின் தாள அமைப்பும் பிரபுதேவாவின் விரைந்த உடல்மொழியும் இணைந்தபோது, கதையிலிருந்து பிரித்துத் தனியே கண்டு மகிழத்தக்க பாடல்காட்சி உருவாயிற்று. ஷங்கர் இயக்கிய ‘ஜென்டில்மேன்’ (1993) படத்தின் ‘சிக்கு புக்கு ரயிலே’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பிரபுதேவா அப்படத்தின் கதைத்தலைவர் அல்லர். அப்பாடலுக்கு ஆட வந்தவர். எனினும் அப்பாடல் இன்றும் அவர் ஆட்டத்தாலேயே நினைவுகூரப்படுகிறது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘காதலன்’ (1994) அவரையே கதைத்தலைவராக்கியது.

‘சிக்கு புக்கு ரயிலே’ போன்ற பாடல்களில் இளைஞர் குழு இளம்பெண்களைச் சீண்டிப் பாடுவது விளையாட்டாகவும் இளமையின் இயல்பாகவும் காட்டப்படுகிறது. இவ்வகைப் பாடல்களின் பொதுவான ஆட்ட ஒழுங்கைப் பின்வருமாறு வகுக்கலாம். பல்லவியில் ஆண் தன் குழுவோடு பெண்ணின் வழியில் குறுக்கிடுகிறான். முதற் சரணத்தில் அவள் முகம் திருப்புகிறாள், விலகி நடக்கிறாள். அவள் செல்லும் திசைதோறும் குழு முன்சென்று நிற்கிறது. இரண்டாம் இடையிசையில் அவள் முகத்தில் சிறுநகை தோன்றுகிறது. இறுதிப் பல்லவியில் அவளும் அவனும் ஒரே அசைவை ஒருசேர ஆடுகின்றனர்.

இவ்வொழுங்கில் அவள் மனம் எங்கே மாறியது என்பதற்குச் சொற்சான்று எதுவும் பெரும்பாலும் இராது. உரையாடலும் நிகழ்வதில்லை. தாளத்துக்கு அவள் உடல் இசைந்ததே அவள் காதலுக்கு இசைந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதனால் தொடக்கத்தில் அவள் காட்டிய மறுப்பும் பின்னோக்கிப் பொருள் மாறுகிறது. அது மறுப்பன்று, நாணம் என்று காண்போர் திருத்திக்கொள்கின்றனர். உடன் ஆடுதல், முன் நிகழ்ந்த தொல்லையைக் காதலின் முதற்படியாக மாற்றிவிடுகிறது.

இது கலைநயம் பற்றிய சிக்கல் மட்டுமன்று. பொதுவெளியில் பெண்களைச் சீண்டுவதைத் தடைசெய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு 1998இல் இயற்றியது. பெண்ணை விடாது பின்தொடர்வதைத் தனிக்குற்றமாக்கிய 354டி பிரிவு 2013ஆம் ஆண்டின் திருத்தத்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2016 ஜூன் மாதம் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டதை அடுத்து, பின்தொடர்தலைக் காதலாகக் காட்டும் தமிழ்த் திரைப்பட மரபு பொதுவிவாதத்துக்கு உள்ளாயிற்று. ஒரு பாடல் ஒரு குற்றத்துக்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும் சட்டம் தொல்லை எனப் பெயரிட்ட செயலுக்குப் பாடல்காட்சி காதல் எனப் பெயரிட்டு வந்தது என்பதையும், அப்பெயர்மாற்றம் வரிகளைவிட ஆட்டத்தின் வழியே எளிதில் நிகழ்ந்தது என்பதையும் மறுக்க இயலாது.

3. ஆண்கள் மட்டும் ஆடும் களம்

2011ஆம் ஆண்டையொட்டி வேறொரு வகை செல்வாக்குப் பெற்றது. காதலில் தோற்ற ஆண் தன் நண்பர்களோடு பாடும் இப்பாடல்கள் ‘சூப் பாடல்’ என்னும் பெயரால் வழங்கின. அவ்வாண்டு நவம்பர் 16 அன்று இணையத்தில் வெளியான ‘ஒய் திஸ் கொலவெறி டி’ இவ்வகையை உலகறியச் செய்தது. அனிருத் இசையில் தனுஷ் எழுதிப் பாடிய அப்பாடலின் முதற்காணொளி நடனக் காட்சியன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடும் எளிய காட்சியே. அதே ஆண்டு வெளிவந்த ‘மயக்கம் என்ன’ படத்தின் ‘காதல் என் காதல்’ பாடல், பெண்ணை அடிக்குமாறு ஏவும் சொற்களுக்காகக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

இவ்வகைக் காட்சிகளில் முன்னர்ச் சூழ்ந்தாடிய குழு அப்படியே இருக்கிறது. நடுவில் இருந்த பெண் மட்டும் இல்லை. ஆண்கள் ஒருவர் தோள்மீது ஒருவர் கையிட்டுத் தள்ளாடி ஆடுகின்றனர். பெண்ணின் மறுப்பு இங்கு உண்மையிலேயே மறுப்பாக நிற்கிறது. எனினும் அதற்கான காரணம் கேட்கப்படுவதில்லை. அவள் களத்தில் இல்லாததால் விடையளிக்கும் வாய்ப்பும் அவளுக்கு இல்லை. முந்தைய வகையில் மறுப்பு நாணமாக மாற்றப்பட்டது. இவ்வகையில் அது துரோகமாக மாற்றப்படுகிறது. உடன் ஆடுதல் ஆண்களுக்கிடையேயான நட்பின் சான்றாகி, காதலின் இடத்தை நிரப்புகிறது.

அகமரபிலும் தலைவன் தன் துயரைப் பாங்கனிடம் கூறுவதுண்டு. ஆயின் பாங்கன் தலைவனை இடித்துரைக்கும் கடப்பாடு உடையவன். சூப் பாடலின் நண்பர் குழு இடித்துரைப்பதில்லை. ஒத்து ஆடுவது மட்டுமே அதன் பணி.

4. எதிராட்டம்

‘கொலவெறி’ வெளியான நாளின் ஒன்பதாம் ஆண்டு நிறைவான 2020 நவம்பர் 16 அன்று, ‘மாரி 2’ (2018) படத்தின் ‘ரௌடி பேபி’ காணொளி யூடியூபில் 100 கோடி பார்வைகளை எட்டியது. தென்னிந்திய மொழிப் பாடல்களுள் இவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே. இரு பாடல்களையும் எழுதியவர் தனுஷ் என்பதால் ஒப்பீட்டுக்கு இவை பெரிதும் ஏற்றவை.

யுவன் சங்கர் ராஜா இசையமைத்த ‘ரௌடி பேபி’யைத் தனுஷும் தீயும் மாறிமாறிப் பாடுகின்றனர். பிரபுதேவா அமைத்த நடனத்தில் தனுஷும் சாய் பல்லவியும் ஆடுகின்றனர். சாய் பல்லவி நடனத்திறனால் முன்பே அறியப்பட்டவர். பிரபுதேவாவின் பெயரால் நடந்த தொலைக்காட்சி நடனப் போட்டியில் 2008இல் பங்கேற்றவர். இதன் விளைவைக் காணொளியில் தெளிவாகக் காணலாம். பெண் இங்கு ஆணின் அசைவை இறுதியில் ஏற்றுக்கொள்பவள் அல்லள். தானும் அசைவைத் தொடங்குகிறாள். கேள்விக்கு எதிர்க்கேள்வி போல, ஓர் ஆட்டத்துக்கு எதிராட்டம் அமைகிறது. குழு நடனக் கலைஞர்கள் இருவருக்கும் பின்னணியாக நிற்கின்றனர். ஒருவரை மற்றவருக்காக வளைத்துப் பிடிக்கும் வேலை அவர்களுக்கு இல்லை.

காதல் இங்குச் சமவலிமை உடையோரின் விளையாட்டாகக் காட்டப்படுகிறது. இது பெரிய மாற்றமே. எனினும் படக்கதையையும் சேர்த்து நோக்கினால் மற்றொன்று புலப்படும். ஆட்டோ ஓட்டும் ஆனந்தியே மாரியை விடாது பின்தொடர்கிறாள். அவன் மறுத்துக்கொண்டே இருந்து பின்னர் இசைகிறான். துரத்துபவரின் பால் மாறியுள்ளது. துரத்தினால் காதல் கைகூடும் என்னும் அமைப்பு மாறவில்லை. மறுப்பு என்பது கடக்கப்பட வேண்டிய படியாகவே இங்கும் எஞ்சுகிறது.

5. கதைக்கு முன் வரும் அசைவு

இந்தியாவில் டிக்டாக் செயலி 2020 ஜூன் இறுதியில் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கு அறிமுகமாயின. தொடக்கத்தில் இவை 15 நொடி அளவிலான காணொளிகளுக்கு இடமளித்தன. நான்கு நிமிடப் பாடலில் எந்தப் பதினைந்து நொடி பிறரால் ஆடப்படும் என்பது பாடலை உருவாக்குவோரின் கவலையாயிற்று. ‘ஹூக் ஸ்டெப்’ எனப்படும் அடையாள அசைவு பாடலின் மையமாயிற்று.

‘பீஸ்ட்’ படத்தின் ‘அரபிக் குத்து’ இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. அனிருத் இசையமைத்து ஜொனிதா காந்தியுடன் பாடிய இப்பாடலின் வரிக் காணொளி 2022 பிப்ரவரி 14, காதலர் நாளன்று வெளியானது. படம் ஏப்ரல் 13 அன்று திரைக்கு வந்தது. ஏறத்தாழ இரண்டு மாத காலம் அப்பாடலைக் கேட்டோரும் ஆடியோரும் அதில் ஆடும் ஆணும் பெண்ணும் யார், அவர்களிடையே என்ன உறவு என்பதை அறியாமலேயே ஆடினர். கதை தெரிந்தபின் பாடல் பொருள்படும் என்னும் பழைய முறை தலைகீழாயிற்று.

இதனால் உறவின் காலம் சுருங்குகிறது. முன்னைய பாடல்காட்சியில் அணுகுதல், விலகுதல், தயங்குதல், இணைதல் ஆகியவற்றுக்குச் சரணங்களும் இடையிசைகளும் இடமளித்தன. பதினைந்து நொடித் துணுக்கில் இணைதல் மட்டுமே எஞ்சுகிறது. துரத்தல் மறைந்தது நன்மையே. அதனோடு தயக்கமும் மறைந்துவிட்டது என்பது கருதத்தக்கது. ஒரு பெண் மறுக்கவும் சிந்திக்கவும் மனம் மாறவும் தேவையான நேரம் காட்சியில் இல்லை. காதலர் தொடக்கத்திலேயே உடன்பட்டவர்களாகத் தோன்றுகின்றனர்.

6. படக்கதை இல்லாத காதலர்

திரைப்படம் சாராத தனியிசைப் பாடல்கள் இக்காலத்தில் பெருகின. அஸ்வின் குமாரும் ரெபா மோனிகா ஜானும் தோன்றிய ‘குட்டி பட்டாஸ்’ (2021), சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’ (2024), ‘ஆச கூட’ (2024) ஆகியவை இவ்வகையில் பரவலாகக் காணப்பட்டவை. ‘கட்சி சேர’வில் சம்யுக்தா விஸ்வநாதனும் ‘ஆச கூட’வில் ப்ரீத்தி முகுந்தனும் தோன்றுகின்றனர்.

திரைப்பாடலில் வரும் காதலர்க்குப் படக்கதை ஒரு பெயரையும் தொழிலையும் குடும்பத்தையும் சாதியையும் ஊரையும் வழங்கிவிடுகிறது. தனியிசைப் பாடலின் காதலர்க்கு அவற்றை வழங்கப் பாடலுக்கு வெளியே கதை எதுவுமில்லை. பெற்றோரின் எதிர்ப்பும் ஊராரின் அலரும் பெரும்பாலும் இவர்களைத் தொடுவதில்லை. காதல் என்பது இருவர் தோற்றத்தின் ஈர்ப்பாகவும் தாளத்தின் மகிழ்ச்சியாகவும் மட்டும் அமைகிறது. இதனை விடுதலை என்றும் கூறலாம். சாதி கடந்த திருமணத்துக்காக இளையோர் கொல்லப்படும் சமூகத்தில் அத்தடைகளைக் காட்சியிலிருந்து நீக்கிவிடும் தப்பித்தல் என்றும் கூறலாம். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு.

இவ்வடிவத்தின் நெகிழ்ச்சியைப் பயன்படுத்திக்கொண்ட முயற்சிகளும் உள்ளன. கோவிந்த் வசந்தாவின் இசையில் 2021இல் வெளிவந்த ‘மகிழினி’ இரு பெண்களுக்கிடையேயான காதலைக் காட்டுகிறது. தன்பால் உறவைக் குற்றமாகக் கருதிய சட்டநிலையை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கியது; பெண்ணிணை ஒன்றின் பாதுகாப்பு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் விரிவான வழிகாட்டுதல்களை வழங்கியது. பெருந்திரைப்படம் தயங்கிய பொருளைச் சில நிமிடக் காணொளி எடுத்துக்கொள்ள முடிந்தது என்பது குறிப்பிடத்தக்கது. துரத்தும் ஆண், விலகும் பெண் என்னும் வாய்பாட்டுக்கு இங்கு இடமே இல்லாததால், அணுகுதலும் இசைவும் வேறு வழிகளில் காட்டப்பட வேண்டியிருந்தன.

7. காணொளியை வாசிக்கும் முறை

மேற்கண்ட வகைகளை நோக்கும்போது நடனப் பாடல் காணொளியை ஆராய்வதற்கு வரிகளோடு வேறு சில வினாக்களும் தேவை என்பது தெளிவாகிறது. அசைவைத் தொடங்குபவர் யார்? அதனைப் பின்பற்றுபவர் யார்? குழு நடனக் கலைஞர்கள் யார் பக்கம் நிற்கின்றனர். ஒருவர் விலகிச் செல்ல வழிவிடுகின்றனரா, வழிமறிக்கின்றனரா? மறுப்பைக் குறிக்கும் அசைவு எது? அம்மறுப்புக்கும் இணைந்தாடலுக்கும் இடையே என்ன நிகழ்கிறது? ஒளிப்படக் கருவி யாருடைய பார்வையில் நின்று யாருடைய உடலைத் துண்டுதுண்டாகக் காட்டுகிறது?

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உள்ளத்து உணர்வை உடலில் வெளிப்படும் குறிகளால் அறியும் முறையை வகுத்துள்ளது. அகத்திணையின் கூற்று மரபு யார், யாரிடம், எச்சூழலில் பேசுகிறார் என்பதை முதன்மைப்படுத்துகிறது. இவ்விரண்டும் காணொளி ஆய்வுக்கும் பயன்தரக் கூடியவை. ஆனால் மெய்ப்பாட்டைக் கொண்டு பெண்ணின் உடன்பாட்டை ஊகிக்கும் முறையை இன்றைய காட்சிகளுக்கு அப்படியே பொருத்துதல் தகாது. முகத்தில் தோன்றும் சிறுநகையை இசைவாகக் கொண்டதே 1990களின் காட்சிகளில் கண்ட சிக்கலாகும். எனவே மரபுக் கருவிகளை எடுத்தாளும் ஆய்வாளர், அவை எவ்விடத்தில் போதாமற் போகின்றன என்பதையும் உடன் சுட்ட வேண்டும்.

முடிவுரை

தமிழ் நடனப் பாடல் காணொளிகளில் உடன் ஆடுதல் உடன்படுதலின் குறியாகத் தொடர்ந்து வந்துள்ளது. 1990களின் காட்சிகளில் அது தொல்லையைக் காதலாக மாற்றியது. சூப் பாடல்களில் பெண்ணை நீக்கி ஆண்களின் நட்பை உறுதிசெய்தது. ‘ரௌடி பேபி’யில் இருவரும் அசைவைத் தொடங்கும் உரிமை பெற்றனர். குறுங்காணொளிக் காலத்தில் அது கதையையும் காலத்தையும் துறந்து தனித்த அசைவாயிற்று. பெண் ஆட்டத்தின் பொருளாக இருந்த நிலையிலிருந்து ஆட்டத்தின் தலைவியாகும் நிலைக்கு இப்பாதை வந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

இப்பாதை முழுவதிலும் மறுப்பு தன் பொருளை இழந்தே வந்துள்ளது. அது நாணமாகவோ துரோகமாகவோ தற்காலிகத் தடையாகவோ மாற்றப்படுகிறது; அல்லது இடமின்றி விடுபடுகிறது. துணங்கை ஆடிய அரசனிடம் ஒரு பூவையும் தர மறுத்து அரசி நீங்கியதை, அவளுக்கும் இழுக்கின்றி அரசனுக்கும் இழுக்கின்றிப் பாட நச்செள்ளையாரால் முடிந்தது. விலகிய பெண்ணை விலகவிட்டு, அதன்பின்னும் ஆட்டத்தைத் தொடரும் நடனப் பாடல் தமிழில் அரிதாகவே உள்ளது. மறுக்கும் உரிமை காட்சியில் இடம்பெறும்போதுதான் இணைந்தாடும் இருவரின் இசைவும் உண்மையான இசைவாகப் பொருள்படும்.